முழங்கால் உயரப் பீடம்

சிரிப்பில் பல வகை உண்டு, கண்ணுகளா. வாய்விட்டுச் சிரிப்பது ஒன்று. வயிறு நோகச் சிரிப்பது ஒன்று. சிரிக்கக் கூடாத இடத்தில் நின்றுகொண்டு, பல்லைக் கடித்து அடக்கியும் அடங்காமல் மூக்கு வழியாகப் பீறிட்டு வருவது இன்னொன்று. அந்த மூன்றாவது சிரிப்பைச் சலவை ஆலை வாசலில் ஒரு நாள் காலையில் கேட்டேன். செத்துப்போன ஒரு நல்ல மனுஷனின் சிலையை மூடியிருந்த வெள்ளை விரிப்பை மேனேஜர் இழுத்த நிமிஷத்தில் கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் காது சுடுகிறது.

விரிப்பு சரிந்தது. முதலில் தெரிந்தது தலை. என்ன தலை அது! பெரிய பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அதற்குக் கீழே பீப்பாய் போல மார்பு. இடுப்புக்குக் கீழே, சிமெண்டு தீர்ந்துபோய் அவசரமாக முடித்த மாதிரி இரண்டு குட்டைக் கால்கள். போதாக்குறைக்குக் கழுத்து முன்னால் வளைந்து, முகம் தரையைப் பார்த்தபடி இருந்தது. தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவன் நிற்பானே, அப்படி. முழங்கால் உயரத்துக்கு ஒரு பீடம், அதன்மேல் அந்த உருவம், உடம்பெல்லாம் வெண்கல நிறத்தில் பெயிண்ட்.

கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதாதா? உலர்த்தும் பகுதிப் பையன்கள், லாரிக்காரர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று அது வரிசையாகத் தொற்றிக்கொண்டு போனது. மேனேஜர் மட்டும் காகிதத்தைப் பார்த்து, "தன்னுயிரை ஈந்து பிறர் உயிர் காத்த தியாகச் சுடர்" என்று வாசித்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் மடிப்பக்கா நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. குழந்தை சிலையைப் பார்த்தது. "பூதம்!" என்று அலறி, அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அது அப்பா கண்ணு, அப்பா" என்று பக்கத்தில் நின்ற யாரோ சொல்லிக்கொடுத்தார்கள்.

"பூதம்! வேணாம்! பூதம்!"

மடிப்பக்கா அழவில்லை. என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"அக்கா, இது அவர் இல்ல. நான் பார்த்த சிலை இது இல்ல. மாத்திட்டாங்க."

அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அந்தச் சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் மூட்டை மூட்டையாக வரும். ராட்சத டிரம்மில் துவைத்து, சூடான உருளைக்கு நடுவே விட்டு எடுத்தால், விரிப்பு அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, எதிரும் புதிருமாக நடந்து, கலைக்காமல் மடிக்க வேண்டும். இவள் கைபட்ட மடிப்பில் ஓரம் ஓரத்தோடு ஒட்டியிருக்கும். நடுவில் பிளேடு நுழையாது. அதனால் வந்த பெயர். நான் ஆலையில் வேலை பார்த்தவள் இல்லை. வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே பூனை எழுந்திருக்கும்.

அவள் வீட்டுக்காரர் அந்த ஆலையின் பாய்லர்காரர். ஊரார் அவருக்கு வைத்த பெயர் கொக்கு. நெட்டையென்றால் அப்படியொரு நெட்டை. உடம்பில் முக்கால்வாசி கால்தான். சைக்கிள் சீட்டை எவ்வளவு உயர்த்தினாலும் முழங்கால் ஹேண்டில் பாரில் இடிக்கும். கட்டிலில் படுத்தால் பாதம் இரண்டும் வெளியே தொங்கும்; போகிற வருகிற பூனையெல்லாம் அதில் உரசிவிட்டுப் போகும். அந்த உயரத்துக்கு மேலே சின்னத் தலை, சின்ன முகம், எப்போதும் எதையோ கேட்க வந்து மறந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. கொக்கு என்றால் அவருக்குக் கோபம் வராது. "கொக்கு வந்துட்டேன், மீன் எங்கே?" என்று கேட்டபடிதான் வீட்டுக்குள் நுழைவார். மகள் பிறந்தபோது அவரே குழந்தைக்குக் 'குஞ்சு' என்று பெயர் வைத்துவிட்டார்.

குஞ்சுக்குக் கழுத்து நிற்பதற்குள் அவர் போய்விட்டார்.

நீராவிக் குழாயின் இணைப்பு ஒன்று வெகுநாளாகக் கசிந்துகொண்டிருந்தது. சாக்கைச் சுற்றி, கம்பியால் கட்டி, ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டு வருவார். மறுபடி கசியும். மறுபடி சாக்கு, மறுபடி ஆபீஸ். "பார்க்கலாம், பார்க்கலாம்னே பார்க்க மாட்டேங்கறாங்க" என்று சாப்பிடும்போது சொல்வார். எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும். ஒரு மத்தியானம் அது பிளந்தது. மடிப்பு ஹாலுக்குள் வெள்ளையாக நீராவி புகுந்தது. பெண்கள் கதவு தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பாய்லர் அறையிலிருந்து வெளியே ஓட அவருக்கு வழி இருந்தது. அவர் உள்ளே போனார். பெரிய வால்வை மூடிவிட்டுத்தான் விழுந்தார். ஹாலிலிருந்த அத்தனை பெண்களும் வெளியே வந்தார்கள், மடிப்பக்காவும்தான். அவரை ஒரு விரிப்பில் சுற்றி எடுத்துவந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடத்திய கட்டிலிலும் அவள் மடித்தனுப்பிய விரிப்புத்தான் கிடந்தது. அதன்மேல்தான் அவர் உயிர் போனது.

அப்புறம் வந்தது பேச்சு. "பாய்லர்காரன் தூங்கிட்டானாம்ல?" யார் கிளப்பினார்கள் என்று தெரியாது, எங்கிருந்து கிளம்பியது என்று எல்லோருக்கும் தெரியும். மடிப்பு ஹால் பெண்கள் கொதித்துப் போனார்கள். வேலையை நிறுத்திவிட்டு, குழாயையெல்லாம் மாற்றச் சொல்லி நின்றார்கள். ஆலை யோசித்தது. குழாய்க்கு வெள்ளி நிற பெயிண்ட் அடித்தது. பாய்லர்காரருக்குச் சிலை வைக்கிறோம் என்றது. குழாயைக் கேட்டால் சிலையைக் கொடுக்கிற நியாயம் எந்த ஊரில் உண்டு, சொல்லுங்கள். ஆனாலும் பெண்களுக்கு மனசு இளகிவிட்டது. சிலை வைப்பவன் தூங்கினவனுக்கா வைப்பான்? இனி யாரும் வாய் திறக்க முடியாது என்று நினைத்தார்கள்.

மடிப்பக்காவுக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. வீட்டில் அவருடைய படம் இல்லை. கல்யாணப் படம் மழை ஒழுகி, கண்ணாடியோடு ஒட்டி, முகம் பூசணம் பூத்துவிட்டது. ஆலையில் எடுத்த கூட்டப் படத்தில் பின்வரிசையில் நின்றார். படம் எடுத்தவன் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டான். மிஞ்சியது அடையாள அட்டையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம். "இவ வளர்ந்து, என் அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா நான் நகத்தையா காட்டறது?" என்பாள். சிலை வந்தால் கைகாட்டிவிடலாம். அவ்வளவுதான் அவள் ஆசை.

அதனால் சிலைக்காரரின் கொட்டகைக்கு நடையாய் நடந்தாள். வீட்டுக்காரரின் பேண்ட், சட்டை, செருப்பு எல்லாம் அளவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூக்கு இப்படி, காது இப்படி என்று சொல்லிச் சொல்லித் திருத்தினாள். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்துச் சிமெண்டு வேலை முடிந்து, சாரத்தின் உச்சியில் சிலையை ஏற்றி வைத்துக் காட்டிய அன்று வேகமாக ஓடிவந்து என் மெஷினை நிறுத்தினாள். "அவரேதான் அக்கா. அப்படியே கொக்கு. மேலேர்ந்து என்னையே பார்க்கறார்" என்றாள்.

இப்போது சொல்லுங்கள், விரிப்பு விழுந்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் உலை கொதித்ததோ இல்லையோ, நாத்தனார் கொதித்துக்கொண்டிருந்தாள். பாய்லர்காரரின் அக்கா. ஆலையின் கறை எடுக்கும் பகுதியில் வேலை. ரத்தக் கறையும் காப்பிக் கறையும் எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். நாக்கு மட்டும் வெளுக்கவில்லை.

"என் தம்பி கொக்குடி! கொக்கைக் குடுத்தா ஆமையாக்கித் தந்திருக்கானுங்க! கால் எங்கே? அந்தக் காலை எவன் தின்னான்?"

"அண்ணி, மெதுவாப் பேசுங்க. புள்ள இப்பத்தான் தூங்குது."

"மெதுவாவா? தலையைப் பார்த்தியா? அந்தத் தலைக்குள்ள நம்ம வீட்டுச் சோத்துப்பானையை வெச்சு மூடிடலாம். தெருமுனையில ரெண்டு பயலுக அதுக்குள்ள பேர் வெச்சுட்டானுங்க. பானைத்தலையனாம்!"

"தலையை விடுங்க அண்ணி. குனிஞ்சு நிக்கறாரே. அதான் எனக்குத் தாங்கல. தூங்கிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சொல்ற மாதிரி."

நாத்தனாரின் குரல் இறங்கியது. "என் தம்பி நிலைப்படிக்கு மட்டும்தான் குனிவான். வேற எவனுக்கும் குனிஞ்சதில்ல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஆலைக்குள் போகிறவர்கள் அந்தச் சிலையைத் தாண்டித்தான் போக வேண்டும். மடிப்பக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு போய் வந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி சிலையைக் காட்டி, "இவருதான் தூங்கிட்டாராமே?" என்று இவளிடமே கேட்டிருக்கிறாள். ஆலையில் வாய்மொழியாகச் சொன்ன பொய்யை இப்போது சிமெண்டில் செய்து வாசலில் நிறுத்தியாகிவிட்டது. குஞ்சு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனாலே கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. "அப்பா எங்கே?" என்று யாராவது விளையாட்டுக்குக் கேட்டால், "பூதம்" என்றது. மடிப்பக்கா அதைக் கேட்டு நனைந்த விரிப்பு மாதிரி துவண்டு போவாள்.

அடுத்த விடுமுறையன்று, "அக்கா, நீங்களும் வாங்க. நான் தனியாப் போனா அந்த ஆளை அடிச்சிடுவேன்" என்றாள். நாத்தனாரும் சேர, மூவருமாகச் சிலைக்காரரிடம் போனோம்.

தகரக் கொட்டகை. வெயில் உச்சியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அறைந்தது. ஒரு மூலையில் குதிரையின் நான்கு கால்கள், குதிரை இல்லாமல். சுவரோரம் யார் யாருடையவோ கைகள். சிலைக்காரர் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பன் வாயிலேயே நின்றுவிட்டது.

"எங்கண்ணே என் வீட்டுக்காரர் சிலை?" என்றாள் மடிப்பக்கா.

"அங்கதானேம்மா வெச்சிருக்காங்க..."

"அது யாரு? எனக்குக் காட்டினது ஒண்ணு, அங்க கொண்டுபோய் வெச்சது ஒண்ணா? நல்லதை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

நாத்தனார் கொட்டகைக்குள் தேடவே ஆரம்பித்துவிட்டாள். சாக்கைத் தூக்கிப் பார்க்கிறாள், பலகையை நகர்த்துகிறாள். "ஏய்யா, கால் எல்லாம் குதிரைக்குப் போட்டுட்டியா?"

சிலைக்காரர் எழுந்தார். மூலையில் கிடந்த ஒரு பொருளை இழுத்துவந்து வெளிச்சத்தில் வைத்தார். பிளாஸ்டரில் செய்த ஒரு தலை. சிமெண்டில் செய்யுமுன் செய்து பார்த்த மாதிரி உருவம். அதே பானைத் தலை, அதே பெரிய நெற்றி. மடிப்பக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இரும்மா. திரும்பாதே, பாரு."

அவர் அந்தத் தலையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். சாரத்தின் உச்சியில், கூரைத் தகரம் தொடுகிற இடத்தில் வைத்தார். ஒரு சாண் முன்னால் சாய்த்தார். "இப்பப் பாரு" என்றார்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். எனக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துவிட்டது, கண்ணுகளா. நெற்றி சுருங்கிவிட்டது. தாடை ஒல்லியாகிவிட்டது. எதையோ கேட்க வந்து மறந்துபோன அந்தப் பார்வை, நேராக என் கண்ணுக்குள் பார்த்தது. "மீன் எங்கே?" என்று கேட்டுவிடுமோ என்று இருந்தது.

"தம்பி..." என்றாள் நாத்தனார்.

சிலைக்காரர் ஏணியில் பாதியில் நின்றபடியே சொன்னார்: "ரெண்டு ஆள் உசரத்துக்குப் பீடம்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. அவ்வளவு மேல நிக்கற ஆளைச் சரியான அளவுல செஞ்சா கீழேர்ந்து பார்க்கறவங்களுக்குத் தலை எலுமிச்சம்பழம் மாதிரித் தெரியும், காலுதான் பெருசாத் தெரியும். அதனால நாங்க மேல போகப்போகப் பெருசாக்குவோம், காலைக் குறைப்போம், முகத்தைக் கீழ சாய்ப்போம். கோணலாச் செஞ்சாத்தான்மா அங்க நேராத் தெரியும். அத்தனையும் அந்த உசரத்துக்குக் கணக்குப் பண்ணிச் செஞ்சது. கொண்டுபோனா, முழங்கால் அளவுக்குப் பீடம் கட்டி வெச்சிருக்காங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"சொன்னேன்மா."

"யார்கிட்ட?"

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டே, "கொத்தனார்கிட்ட" என்றார்.

"கொத்தனார்கிட்ட!" மடிப்பக்கா சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை அவளிடம் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "ஏண்ணே, என் புருஷன் குழாய் கசியுதுன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேராப் போய்ச் சொன்னார். ஒரு தடவை இல்ல, ஓயாம. நீங்க அவர் சிலையைச் செஞ்சிருக்கீங்க. அவர்கிட்டேர்ந்து மூக்கை மட்டும்தான் எடுத்துக்கிட்டீங்களா?"

சிலைக்காரர் கீழே இறங்கிவந்தார். அவருக்கும் முகம் கறுத்துத்தான் போயிருந்தது. "அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்களோன்னு வாயை மூடிட்டேன். தப்புதான்" என்றார். பிறகு, ஆறுதலாக எதையாவது கொடுக்க வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, "ஒரு வழி இருக்கும்மா. பீடத்துக்குக் கிட்டப் போய், தரையில உட்கார்ந்து அண்ணாந்து பாரு. ஓரளவுக்குச் சரியாத் தெரிவார்" என்றார்.

மடிப்பக்காவின் கண் சிவந்தது. "என் புருஷனைப் பார்க்க நான் அந்த வாசல்ல, மண்ணுல உட்காரணுமா? போறவன் வர்றவன் பார்க்க? தப்புப் பண்ணினவங்க நிமிர்ந்து நடப்பாங்க, நான் குனியணுமா? முடியாது. பீடம் உசரணும்."

மறுநாள் மேனேஜரின் அறைக்குப் போனோம். வெளியே பாய்லர் வெக்கை, உள்ளே ஏசியின் குளிர். மேனேஜர் சட்டையின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அதே ஆலையில் வெளுத்த சட்டைதான். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"கலைன்னா அப்படித்தான்மா இருக்கும். இப்பல்லாம் உள்ளது உள்ளபடி செய்யறதில்ல. அது ஒரு பார்வை. உனக்குப் புரியாது."

"சார், சிலை நல்லாத்தான் இருக்கு. பீடம்தான் குட்டை. ரெண்டு ஆள் உசரம்னு சொல்லி வாங்கியிருக்கீங்க. அந்த உசரத்துல வைங்க."

"அவ்வளவு உயரத்துல வைக்க முடியாது. விழுந்து வைக்கும். தொழிலாளிங்க பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்."

பிளந்த குழாய்க்கு வெள்ளி பெயிண்ட் அடித்த வாயிலிருந்து பாதுகாப்பு என்கிற சொல் எவ்வளவு சுத்தமாக வந்தது, பாருங்கள்! நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மடிப்பக்கா அவள் கையை அழுத்தினாள்.

"சரி, உங்க மனசும் நோகக் கூடாது" என்று மேனேஜர் பேனாவை மூடினார். "தலைதானே பெருசா இருக்கு? மிஷின் வெச்சுத் தேய்ச்சுச் சின்னதாக்கிடச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில ஆள் வருது. சந்தோஷமா?"

எங்களுக்கு முதலில் புரியவே இல்லை.

"தலையைத் தேய்க்கறதா?" என்றாள் மடிப்பக்கா.

"நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். மூக்கு, காதெல்லாம் போகும், அப்புறம் பூசிக்கலாம். பெயிண்ட் அடிச்சா தெரியாது."

"சார், அது அவர் முகம். நான் ஒவ்வொரு நாளும் போய்ச் சொல்லிச் சொல்லிச் செஞ்ச முகம். என் புள்ளைக்குக் காட்ட வேற முகம் இல்ல சார்."

"நீதானேம்மா நல்லா இல்லன்னு வந்து நிக்கறே?"

பேச்சு அதோடு முடிந்தது. வெளியே வந்தபோது வாசல் காவலாளி எங்களை ஓரமாக இழுத்தான். ஆலையை ஆரம்பித்த பெரிய முதலாளியின் மார்பளவுச் சிலை முன்மண்டபத்தில் இருக்கிறது. அதைக் கண்ணால் காட்டினான். நெஞ்சு உயரப் பீடத்தில், கழுத்தில் டையோடு, பளிங்கில் இருந்தார் அவர்.

"இவருக்கு மேலயா ஒரு பாய்லர்காரன் நிக்கறதுன்னு முதலாளி வீட்டுல கேட்டிருக்காங்க. பீடத்தைக் குறைன்னுட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

நாத்தனார் பளிங்கு முதலாளியை மேலும் கீழும் பார்த்தாள். "இவருக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. என் தம்பிக்காவது குட்டைக் கால் இருக்கு" என்றாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

மறுநாள் காலையில் காற்றே இல்லை. ஆலைப் புகை மேலே போகாமல் கூரைமேலேயே படுத்துக் கிடந்தது. முதல் ஷிஃப்ட்டுக்குப் பெண்கள் வருகிற நேரம். நாங்கள் போனபோது, சிமெண்டைத் தேய்க்கிற கிரைண்டர் மிஷினோடு ஆள் ஏற்கெனவே வந்து, காவலாளி அறையிலிருந்து வயரை இழுத்துக்கொண்டிருந்தான். மேனேஜர் மண்டபப் படியில் நின்றார். கிரைண்டர் ஒருமுறை உறுமிப் பார்த்தது. குஞ்சு பயந்து, அத்தையின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டது.

மடிப்பக்கா கத்துவாள் என்று நினைத்தேன். சிலையைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் நேரே நடந்து போய், பீடத்துக்கும் கிரைண்டருக்கும் நடுவே, அந்த மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவன் நகரச் சொன்னால் நகரக் கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். முதுகை அவனுக்குக் காட்டி, சிலையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எந்திரிங்க. சில்லு பறக்கும், கண்ணுல படும்" என்றான் கிரைண்டர்காரன்.

அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியதைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணி" என்றாள் மெதுவாக. "அண்ணி, இங்க வாங்க."

நாத்தனார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணாந்தாள். குழந்தையை மடியில் திருப்பி, மோவாயைத் தொட்டு மேலே காட்டினாள். குஞ்சு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. பிறகு இன்னொரு கண்ணையும் திறந்தது. பூதம் என்று சொல்லவில்லை. வெகு நேரம் பார்த்தது.

"யாரு?" என்றது.

"உங்கப்பாடி" என்றாள் மடிப்பக்கா.

வேலைக்கு வந்த பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அந்த நீராவியிலிருந்து வெளியே வந்தவர்கள்தான் பாதிக்கு மேல். மடிப்பக்கா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "நின்னுக்கிட்டு என்னடி பார்க்கறீங்க? நின்னா தெரிய மாட்டார். வாங்க, உட்காருங்க" என்றாள்.

ஒருத்தி சாப்பாட்டுத் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் கூட்டமே சரிந்தது. என் முழங்கால் அப்போதே வலிக்க ஆரம்பித்த காலம், ஆனாலும் உட்கார்ந்தேன். சாரத்தின் உச்சியில் தெரிந்த அளவுக்குத் திருத்தமாக இல்லை, பொய் சொல்லக் கூடாது. நெற்றி கொஞ்சம் பெரிதுதான். ஆனால் கால்கள் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன. குனிந்திருந்த முகம் குனிந்த முகமாக இல்லை. அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

எங்கோ ஒருத்தி விசும்பினாள். "ஐயோ, கொக்கண்ணே" என்றாள்.

ஷிஃப்ட்டுச் சங்கு ஊதியது. யாரும் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் படியிறங்கி வந்தார்.

"என்ன இது? சங்கு ஊதிடுச்சு, காது கேக்கலியா? எந்திரிங்க எல்லாரும்! ஸ்டிரைக்கா பண்றீங்க?"

"இல்ல சார்" என்றாள் மடிப்பக்கா. உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அவரைப் பார்க்கறோம். நீங்களும் உட்காருங்க."

"என்னது?"

"உட்காருங்க சார். இப்படி, எங்ககூட, தரையில. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து அவர் முகத்தை நேராப் பாருங்க. பார்த்துட்டு, இந்தத் தலையைத் தேய்க்கணும்னு உங்க வாயால சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

அவ்வளவு பெண்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மண்ணைப் பார்த்தார். தன் பேண்ட்டின் மடிப்பைப் பார்த்தார். எங்கள் தலைக்கு மேலாகச் சிலையைப் பார்த்துவிட்டு, உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். ஒரு மனுஷன் முட்டியை மடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் மடக்கவில்லை.

மடக்கியது கிரைண்டர்காரன். எங்களில் யாரையும் அவனுக்குத் தெரியாது. மிஷினைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, பெண்களின் தோள்களுக்கு நடுவே கழுத்தை நீட்டி மேலே பார்த்தான். அப்புறம் எழுந்து, வயரை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தான்.

"ஏய், எங்கேடா போறே?" என்றார் மேனேஜர்.

"ஆள் பார்த்துக்கிட்டிருக்கார் சார்" என்றான் அவன். "நான் எப்படித் தேய்க்கறது?"

தலை தப்பியது. அன்று மத்தியானம்வரை ஓர் உருளையும் சுற்றவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரத்தோடு கிடந்தன. பெண்கள் எழுந்தபோது, குழாயை மாற்றுவதற்குத் தேதி சொல்லச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்கள். அதைப் பிடுங்கி வாங்க இன்னும் எத்தனையோ தடவை உட்கார வேண்டியிருந்தது, வாங்கினார்கள்.

பீடம் மட்டும் உயரவே இல்லை, கண்ணுகளா. பளிங்கு முதலாளிக்குக் கீழேதான் இன்றுவரை அவரை வைத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது; எரியட்டும், ஆறக் கூடாது. அந்த மேனேஜர் ஓய்வு பெறும்வரை தினமும் அந்த வாசல் வழியாகத்தான் காரிலிருந்து இறங்கி நடந்து போனார். ஒருநாளும் அவர் உட்கார்ந்து நாங்கள் பார்க்கவில்லை. கடைசிவரை அவர் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு பானைத் தலையும் இரண்டு குட்டைக் கால்களும்தான்.